கிடையோடு நடக்கும் புழு

ஐப்பசியில் இரண்டு உழவு மழை பெய்து, கண்மாய்க்கரையில் அறுகு தலைகாட்டும் நேரத்தில் அது பிறக்கிறது. சிவகங்கைப் பக்கமிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வந்த கீதாரி, மதுரைக்குக் கிழக்கே ஒரு மேட்டுப் புஞ்சையில் கிடை போட்டிருப்பார். விடிந்ததும் வலையைச் சுருட்டி ஆடுகளைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு தரையெல்லாம் புழுக்கை. புஞ்சைக்காரருக்கு அது உரம். காசோ நெல்லோ கொடுத்து வாங்கிய உரம். அதற்குள்ளேதான் ஹீமோங்கஸ் கன்டார்டஸ் என்ற வயிற்றுப்புழுவின் முட்டைகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். ஓர் ஆட்டுக்குள் சில நூறு பெண் புழுக்கள் இருந்தாலே, அந்த ஒரு ராத்திரியில் அந்த ஓர் ஆடு புஞ்சையில் விட்டுப்போகும் முட்டைகள் பல லட்சம்.

ஈரமும் சூடும் ஒத்துவந்தால் ஒரே நாளில் முட்டை பொரிந்துவிடும். இளம்புழு முதல் இரண்டு பருவமும் புழுக்கையில் இருக்கும் பாக்டீரியாவைத் தின்று வளர்கிறது. மூன்றாம் பருவத்தை எட்ட நாலைந்து நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். அப்போது பழைய தோலைக் கழற்றிப் போடாமல் அதையே உறையாகப் போர்த்திக்கொள்ளும். உறை வாயையும் மூடிவிடுவதால் இனி எதையும் தின்ன முடியாது. உடம்பில் சேர்த்த கொழுப்புதான் மிச்ச நாளைக்குக் கைச்செலவு. விடியற்காலைப் பனி புல்லில் படியும்போது, அந்த ஈரப்படலத்தில் நெளிந்து மேலே ஏறி ஆட்டின் வாய்க்குக் காத்திருக்கும். மதுரைச் சமவெளியின் பங்குனி, சித்திரை வெயிலுக்கு முன்னால் இது தாக்குப்பிடிக்காது. வறண்ட தரையில் காய்ந்து சாகும்.

ஆனால் கோடையைத் தாண்ட அதற்கு வேறு வழி இருக்கிறது. ஆடு புல்லைக் கடித்ததும் முதல் வயிற்றின் வெதுவெதுப்பிலும் அங்குள்ள வாயுவிலும் உறை கழல்கிறது. புழு நாலாவது வயிற்றுக்கு, அமிலம் சுரக்கும் வயிற்றுக்கு, வந்து சேர்ந்து அதன் சுவரில் உள்ள சுரப்பிகளுக்குள் நுழைந்துகொள்கிறது. சாதாரணமாக மூன்று வாரத்தில் முதிர்ந்து முட்டையிடத் தொடங்கிவிடும். வெளியே காலம் சரியில்லையென்றால் நாலாம் பருவத்திலேயே மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கவும் அதனால் முடியும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தையும், நம்மைப் போன்ற வறண்ட நிலத்தில் கோடையையும் அது இப்படித்தான் கடக்கிறது. புல்தரை பொட்டலாகக் கிடக்கும்போதும் அடுத்த ஐப்பசிக்கான புழு ஆட்டின் வயிற்றில் பத்திரமாக இருக்கிறது.

அதை நேரில் பார்க்க வேண்டுமானால் நுண்ணோக்கி தேவையில்லை. குடல் கறிக்குப் பேர்போன ஊர் மதுரை. ஆட்டை அறுத்து வயிற்றைக் கழுவும் இடத்தில், வெந்நீர் படுவதற்கு முன்னால் நாலாவது வயிற்றைக் கீறி அதன் உள்மடிப்பை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தால் போதும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய இழைகள் மடிப்புக்கு மடிப்பு நெளிவது தெரியும். பெண் புழுவின் குடல் முழுக்க ஆட்டு ரத்தம், அதனால் சிவப்பு. அந்தச் சிவப்பைச் சுற்றி வெள்ளைக் கருக்குழாய்கள் முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. மேல்நாட்டு முடிதிருத்தகங்களின் வாசலில் நிற்கும் சிவப்பு வெள்ளைக் கம்பத்தின் பெயரை ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கு வைத்தது இந்த முறுக்கைப் பார்த்துத்தான். ஆண் புழு சின்னது, ஒரே சிவப்பு. கழுவிச் சமைத்துச் சாப்பிடுகிற நமக்கு இதனால் ஆபத்தில்லை. ருடோல்ஃபி 1803-இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ஹீமோங்கஸ் என்ற பெயர் 1898-இல் காப் வைத்தது.

ஒரு புழு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.05 மில்லி ரத்தத்தை ஆட்டுக்கு நஷ்டமாக்குகிறது. கேட்க அற்பம். ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லி. 20 கிலோ எடையுள்ள ஒரு கீழக்கரிசல் ஆட்டின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றேகால் லிட்டர் சொச்சம்தான். பத்து நாளில் அரை லிட்டர் போனால் அது எப்படி எழுந்து நடக்கும்? புது ரத்தம் ஊறுவதற்குள் ரத்தத்தில் உள்ள புரதம் வடிந்துவிடுகிறது. தாடைக்குக் கீழே நீர் கோக்கிறது. கால்நடை மருந்தகத் திண்ணையில் மழைக்காலத்தில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"சார், தாடைக்குக் கீழ நீர் கோத்துத் தொங்குது. போன மாசந்தான் பூச்சி மருந்து குடுத்தேன்."

"எம்புட்டுக் குடுத்தீக?"

"எல்லாத்துக்கும் ஒரே அளவுதான் சார். பெருசுக்கும் அதே, குட்டிக்கும் அதே."

"கண்ணைக் கொஞ்சம் விரிச்சுக் காட்டுங்கண்ணே. பாருங்க, வெள்ளையா இருக்கு. ரத்தமே இல்ல."

கண்ணிமையின் உள்பக்கத்தைப் பார்த்துச் சோகையைக் கணிக்கும் இந்த வழக்கத்தை, சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து நிறப் படிகள் கொண்ட அட்டையாக மாற்றியவர்கள் தென்னாப்பிரிக்கர்கள். ஃபாமாச்சா என்று அதற்குப் பெயர். கண் வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடு, நன்றாக இருக்கிறதை விட்டுவிடு என்பது அதன் வழி. செலவு மிச்சமாவது மட்டுமல்ல காரணம். மருந்து படாத புழுக்கள் கொஞ்சம் மந்தையில் இருக்க வேண்டும். அப்போதுதான் மருந்துக்குச் சாகக்கூடிய வம்சம் அற்றுப்போகாது. இந்த இடத்தில்தான் நம் கதை மரபணுவுக்குள் நுழைகிறது.

அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் போன்ற மருந்துகள் புழுவின் செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு, செல்லின் உள்சட்டத்தைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. அந்தப் புரதம் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். 200-ஆவது இடத்தில் ஃபினைல் அலனின் இருந்தால் மருந்து ஒட்டும். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, அந்த இடத்தில் டைரோசின் வந்துவிட்டால் மருந்து ஒட்டாது. 167, 198 ஆகிய இடங்களில் வரும் மாற்றங்களும் இதே வேலையைச் செய்கின்றன. உலகத்தில் எங்கெல்லாம் இந்த மருந்தைத் தொடர்ந்து கொடுத்தார்களோ அங்கெல்லாம் இந்த மாற்றம் மேலோங்கியது. தமிழ்நாட்டில் நீலகிரியின் சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணையில் மருந்துக்கு மசியாத புழுக்களைக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எடை பார்க்காமல் குறைத்துக் கொடுக்கும் மருந்து பாதி எதிர்ப்புள்ள புழுவைத் தப்பவிடுகிறது. இதில் கீதாரியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெட்டவெளியில், முந்நூறு ஆட்டை எடை போடும் வசதியை அவருக்கு யார் செய்து கொடுத்தார்கள்?

அந்த எழுத்து மாறிய புழு எங்கிருந்தோ புதிதாக முளைத்து வந்ததல்ல. மருந்து வருவதற்கு முன்பே கூட்டத்தில் ஓரிரண்டு புழுவிடம் இருந்திருக்கக் கூடியது. மருந்து மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் ஒழித்துக் கொடுத்தது. அது முன்பே இருந்திருக்கக் காரணம், இந்தப் புழுக்கூட்டத்தின் மரபணு வேறுபாடு அவ்வளவு அதிகம் என்பதுதான். மனிதர் இருவரை ஒப்பிட்டால் ஆயிரம் மரபணு எழுத்துக்கு ஏறக்குறைய ஒன்று மாறியிருக்கும். ஹீமோங்கஸில் அதைப்போல் பல மடங்கு. ஒரு பெண் புழு பல ஆண்களோடு சேரும். அதன் முட்டைகளுக்குத் தகப்பன் ஒன்றல்ல. தினம் ஆயிரக்கணக்கில் முட்டை, ஆண்டுக்குப் பல தலைமுறை, ஒவ்வோர் ஆட்டிலும் ஆயிரக்கணக்கான புழு. இயற்கை சோதித்துப் பார்க்க இவ்வளவு சரக்கு வேறு பிராணிகளிடம் கிடைப்பது அரிது.

1995-இல் அமெரிக்காவில் ப்ளூவினும் அவருடைய சகாக்களும் ஒன்றைக் காட்டினார்கள். காட்டு மானின் வயிற்றுப்புழு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டிருந்தது. தூரம் கூடக்கூட வேறுபாடும் கூடியது. ஆடு, மாடுகளின் வயிற்றுப்புழுவிலோ ஒரே மந்தைக்குள் வேறுபாடு ஏராளம், வட்டாரங்களுக்கு இடையில் வேறுபாடு சொற்பம். மான் தன் காட்டை விட்டுப் போவதில்லை. ஆட்டை மனிதர் வண்டியேற்றுகிறார், விற்கிறார், வாங்குகிறார். புழுவும் கூடவே போகிறது.

இதைப் படித்தபோது எனக்குத் திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தைதான் கண்முன் வந்தது. எந்தெந்தக் காட்டிலோ மேய்ந்த ஆடுகள் ஒரே நாளில் கைமாறித் திசைக்கொன்றாகப் பிரிகின்றன. கீதாரியின் கிடையோ இன்னும் ஒரு படி மேல். அதில் நடப்பது ஒருவருடைய ஆடு மட்டுமல்ல. சில நேரம் பல குடும்பங்களின் ஆடுகள் ஒரே மந்தையாகச் சேர்ந்திருக்கும். மழைக்காலத்தில் மேட்டாங்காடு, அறுவடைக்குப் பிறகு வைகைப் பாசன வயல்கள், அங்கிருந்து தஞ்சைச் சீமை வரைக்கும் நடை. ஒவ்வொரு தங்கலிலும் தன் புழுவின் முட்டையை விட்டுவிட்டு, முன்பு தங்கிய மந்தையின் புழுவைப் புல்லோடு மேய்ந்து எடுத்துக்கொண்டு போகிறது. ஆக, மதுரைச் சமவெளியின் ஓர் ஆட்டு வயிற்றில் இருப்பது பல மாவட்டங்களின் புழு வம்சங்கள் கலந்த கூட்டம் என்றே நான் எண்ணுகிறேன். அடைத்து வளர்க்கும் பண்ணை ஆட்டின் புழுவை வைத்து இதைக் கணித்துவிட முடியாது.

புழுவின் பூர்வீகத்தையும் மரபணுவே சொல்லிவிட்டது. 2013-இல் இரண்டு குழுக்கள் ஹீமோங்கஸின் முழு மரபணுத்தொகுதியைத் தனித்தனியாக வெளியிட்டன. இரண்டும் அளவிலேயே ஒத்துப்போகவில்லை. இவ்வளவு வேறுபட்ட புழுக்களின் எழுத்துகளை ஒரே வரிசையில் கோப்பது அவ்வளவு கடினம். 2019-இல் சாலேயும் அவருடைய சகாக்களும் ஐந்து கண்டங்களிலிருந்து 19 புழுக்கூட்டங்களைச் சேர்ந்த 223 புழுக்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். புழுவின் தாய்நிலம் ஆப்பிரிக்கா என்று தெரிந்தது. அங்கிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்கு அது போன காலமும் பாதையும் அடிமை வியாபாரக் கப்பல்களின் காலத்தோடும் பாதையோடும் பொருந்தின. மனிதரைச் சங்கிலியிட்டு ஏற்றிய கப்பல்களில் ஆடுகளும், அவற்றின் வயிற்றில் இந்தப் புழுவும் போயிருக்கின்றன. அதே ஆய்வில், கண்டம் கண்டமாக டியூபுலின் மரபணுவைச் சுற்றி மருந்தின் தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

மருந்து ஒவ்வொன்றாகத் தோற்கும்போது மிச்சமிருப்பது தடுப்பூசி. அதற்கு முன்மாதிரி இருந்தது. மாட்டின் நுரையீரல் புழுவுக்கு, கதிர்வீச்சால் பலவீனப்படுத்திய இளம்புழுக்களையே வாய்வழியாகக் கொடுக்கும் தடுப்பு மருந்து 1959-இல் கிளாஸ்கோவில் செய்த ஆராய்ச்சியிலிருந்து விற்பனைக்கு வந்தது. இந்தியாவிலும் காஷ்மீரில் செம்மறியின் நுரையீரல் புழுவுக்கு இதே முறையில் தடுப்பு மருந்து செய்து மந்தைகளுக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டுக் கால்நடை அறிவியலின் பெருமைமிக்க பக்கம் அது. இன்னும் அதிகம் பேர் அறிந்திருக்க வேண்டும். ஆனால் ஹீமோங்கஸில் அந்த வழி கைகொடுக்கவில்லை. வளர்ந்த ஆடுகளைக் காத்தது. யாருக்கு அதிகம் தேவையோ அந்தக் குட்டிகளைக் காக்கவில்லை.

பிறகு ஆராய்ச்சியாளர்கள் புழுவின் வெளித்தோலை விட்டுவிட்டு அதன் குடலைப் பார்க்கத் தொடங்கினார்கள். புழு குடிப்பது ரத்தம். ரத்தத்தில்தான் ஆட்டின் எதிர்ப்பொருள்களும் இருக்கின்றன. புழுக்குடலின் உட்சுவரில் ரத்தத்தைச் செரிக்கும் புரதங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருளை ஆட்டின் ரத்தத்தில் முன்கூட்டியே உண்டாக்கி வைத்தால், புழு தன் சாப்பாட்டோடு சேர்த்து அதையும் விழுங்கும். செரிமானம் கெட்டு, முட்டையிடுவது குறைந்து, கடைசியில் உதிர்ந்துபோகும். எச்11, எச்-கேல்-ஜிபி என்ற இரண்டு புரதத் தொகுதிகள் இதற்குத் தோதாக அமைந்தன. ஸ்காட்லாந்தின் மொர்டன் ஆராய்ச்சி நிலையம் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய அந்தத் தடுப்பூசி, 2014-இல் பார்பர்வாக்ஸ் என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. ஒரு ஊசிக்குப் புரதம் வெறும் 5 மைக்ரோகிராம்.

புழு வேறுபாட்டுக்கும் தடுப்பூசிக்கும் உள்ள முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இயல்பாகப் புழு தொற்றும்போது ஆட்டின் உடம்பு இந்தக் குடல் புரதங்களைப் பார்ப்பதே இல்லை. அவை புழுவின் வயிற்றுக்குள் மறைந்திருக்கின்றன. ஆட்டின் எதிர்ப்பு அவற்றின்மேல் இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக விழவே இல்லை. அதனால் அதற்குத் தப்பிக்க அவை உருமாற வேண்டிய அவசியமும் வரவில்லை. வெளித்தோலில் உள்ள, ஆடு தினமும் பார்க்கிற புரதங்களை நம்பினால் ஆயிரம் முகங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மறைந்திருப்பதைக் குறிவைத்ததால்தான் ஆஸ்திரேலியப் புழுவிலிருந்து எடுத்த புரதம் தென்னாப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் உள்ள புழுக்களுக்கு எதிராகவும் வேலை செய்தது.

மறைவு என்பதற்கு ஒரு விலையும் உண்டு. மேய்ச்சலில் ஏறும் புழு அந்த எதிர்ப்பை ஆட்டுக்கு நினைவூட்டாது. அதனால் முதலில் மூன்று ஊசி, பிறகு புழுக்காலம் முழுக்க ஆறு வாரத்துக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு விலை, தயாரிப்பில். அந்தப் புரதத்தைப் பாக்டீரியாவிலோ பூச்சிச் செல்லிலோ செய்து பார்த்தார்கள், ஆட்டைக் காக்கவில்லை. புழு தன் புரதத்தின்மேல் கோக்கும் சர்க்கரைச் சங்கிலிகளும், அதன் மடிப்பும் அங்கே அமையவில்லை. ஆகவே மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனியில், வேண்டுமென்றே புழு ஏற்றிய ஆடுகளை வளர்த்து, அறுத்து, நாலாவது வயிற்றிலிருந்து புழுவைப் பிரித்து, அதிலிருந்தே புரதத்தை எடுத்தார்கள். பின்தங்கிய முறையாகத் தோன்றலாம். எனக்கு இதில் ஒரு நன்மை தெரிகிறது. எச்11 ஒற்றைப் புரதமல்ல. அதற்கு உறவான மரபணுக்கள் பல. ஆயிரக்கணக்கான புழுக்களிலிருந்து எடுக்கும் கலவையில் அத்தனை வடிவங்களும் கூடவே வருகின்றன. ஆய்வகத்தில் ஒரே வடிவத்தைப் பெருக்கிச் செய்யும் நாளைய தடுப்பூசிக்கு இந்த விரிவு இருக்காது.

மனிதருக்கான கொக்கிப்புழுத் தடுப்பூசியும் இதே பாடத்தைக் கடினமான வழியில் கற்றது. வெளியே சுரக்கும் புரதமான ஏஎஸ்பி-2-ஐ வைத்து, கொக்கிப்புழு ஏற்கெனவே இருந்த பிரேசில் கிராமத்தவருக்கு ஊசி போட்டுப் பார்த்தபோது சிலருக்கு உடனே உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அவர்கள் ரத்தத்தில் அந்தப் புரதத்துக்கு எதிரான ஒவ்வாமைப் பொருள் முன்பே இருந்தது. சோதனையை நிறுத்தினார்கள். அடுத்த முயற்சி புழுவின் குடலில் ரத்தத்தைக் கையாளும் நொதிகளை நோக்கிப் போனது.

தடுப்பூசி போட்ட ஆட்டின் வயிற்றிலும் சில புழு பிழைக்கின்றன. அப்படிப் பிழைத்தவற்றை 2018-இல் சாலே குழு ஆராய்ந்தது. குறிவைத்த புரதங்களில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் வேறு செரிமான நொதிகள் கூடுதலாக இயங்கின. புழு வேறு வழி பார்க்கிறது. இதுவரை மறைந்திருந்த புரதத்தின்மேல் தடுப்பூசியே முதல்முறையாக அழுத்தத்தைக் கொண்டுவருகிறது. அந்த அழுத்தம் எந்த வடிவத்தைப் பொறுக்கி எடுக்கும் என்பது, கூட்டத்தில் என்னென்ன வடிவங்கள் முன்பே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. டியூபுலினில் நடந்தது நினைவிருக்கட்டும்.

ஆகவே மதுரைக்கு இப்படியொரு தடுப்பூசி வருமானால், ஊசி வருவதற்கு முன்பே இங்குள்ள புழுவை எண்ணி எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு வேண்டிய கச்சாப்பொருள் தினமும் ஆடு அறுக்கும் இடத்துக் கழிவில் போகிறது. ஐப்பசி முதல் தை வரை, கிடை ஆடு, வீட்டு ஆடு, சந்தை ஆடு என்று பிரித்துப் புழுவைச் சேகரித்து, எச்11 குடும்பத்தையும் டியூபுலினையும் படித்தால் கலப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். திருப்பரங்குன்றத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது; தேனியிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஊசியைச் சோதிப்பதும் கிடை ஆட்டில் நடக்க வேண்டும். பண்ணையில் ஒரே வம்சப் புழுவை ஊட்டிச் சோதித்து வரும் எண், இங்கே மந்தைக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நடைமுறைச் சிக்கலும் சின்னதல்ல. முதல் ஊசி புரட்டாசியில் மானாமதுரைப் பக்கம் போட்டால், மூன்றாவது ஊசிக்கு மந்தை மேலூரைத் தாண்டியிருக்கலாம். ஆறு வாரம் கழித்து வரும் ஊசிக்கு எங்கே நிற்கும் என்று கீதாரிக்கே மழையைப் பார்த்துத்தான் தெரியும். குளிர்பெட்டியோடு பின்னாலேயே போக ஓர் ஆள் வேண்டும். ஒரு வயலில் கிடை நிற்பது சில ராத்திரிகள்தான். ஆனால் பட்டிக்குள் ஆடுகள் ஒன்றாக அடைபட்டு நிற்கும் அந்த விடியற்காலை நேரம், வலையைச் சுருட்டுவதற்கு முன்னால், முந்நூறு ஆட்டுக்கும் ஊசி போட்டு முடிக்கப் போதுமானது.